என் பழைய எண்ணும் கன்னியம்மாவின் கட்டைவிரலும்

1

யோசனை ஒரு சுவரைப் பார்த்தபோது வந்தது.

பெர்லினில் ஒரு பழைய தையல் தொழிற்சாலையின் மூன்றாவது மாடி. டிஜிட்டல் உரிமைக் கட்சிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு அங்கே ஆண்டுப் பேரவை கூட்டியிருந்தது. நான் தொண்டர். வாசலில் உட்கார்ந்து அடையாள அட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் பெயர் இருக்காது; பெயர் தனிப்பட்ட தகவல். அவரவர் விரும்பிய புனைபெயர்தான். ஆகவே அன்று காலையில் மட்டும் ஒரு முள்ளம்பன்றியையும், இரண்டு ஆந்தைகளையும், ‘யாருமில்லை’ என்று ஒரு பெரியவரையும் வரவேற்று உள்ளே அனுப்பியிருந்தேன்.

கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. அரசாங்கமும் கம்பெனிகளும் நம் போனுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது, இணையம் எல்லோருக்கும் பொது. இதற்காகவே பல நாடுகளில் கட்சிகள் இருக்கின்றன. தேர்தலில் நிற்கின்றன. சில ஊர்களில் ஜெயிக்கவும் செய்கின்றன. பல ஊர்களில் கட்சி, கட்சி அலுவலகம், கட்சிப் பொதுக்குழு மூன்றும் ஒருவருடைய லேப்டாப்தான். இவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் எங்கள் கூட்டமைப்பு.

சுவரில் உலகப்படம். உறுப்புக் கட்சி இருக்கும் நாட்டில் எல்லாம் ஓர் ஊதா ஸ்டிக்கர். ஐரோப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது. இந்தியாவில் ஒரு புள்ளி கிடையாது.

முள்ளம்பன்றி என் பக்கத்தில் வந்து நின்றான். அப்போதைக்குத் தலைவர் அவன்தான். தலைவர்கள் மேல் நம்பிக்கை இல்லாத அமைப்பு என்பதால் அரை நாளுக்கு ஒருவர்.

“நீ அங்கிருந்துதானே வருகிறாய்? இவ்வளவு பெரிய இடம், ஏன் காலியாக இருக்கிறது?”

என்னவோ நான் பெருக்கி வைத்துவிட்டு வந்ததுபோல் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. மயிலாப்பூரில் பிறந்தவளைப் பார்த்து, உன் ஊரில் ஒரு கட்சி ஆரம்பிக்க ஆள் இல்லையா என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? நம் ஊரில் கட்சிக்கா பஞ்சம்?

“ஆறு வாரம் கொடுங்கள்” என்றேன்.

மண்டபமே கைகளைத் தூக்கியது. எங்கள் ஆட்கள் கைதட்ட மாட்டார்கள். சத்தம் சிலரைத் துன்புறுத்துமாம். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திப் பத்து விரல்களையும் ஆட்டுவார்கள். மருதாணி காயவைப்போமே, அப்படி. அத்தனை விரல்களும் எனக்காக ஆடியதில் நான் கொஞ்சம் மிதந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஒரு ஸ்டிக்கரை உரித்துக் கையில் கொடுக்கக் கூட வந்தான் முள்ளம்பன்றி. தாளோடு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

2

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் முடிந்த வாரம் அது. ஆறாம் ஆண்டு நிறைவைத் தங்கும் அனுமதி அலுவலகத்தில் கொண்டாடினேன்.

இந்த நாட்டை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தெருவில் எதிர்வீட்டைப் போட்டோ எடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் வீடு மாறினால் நகராட்சியில் போய்ப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் “ஆமாம், இவள் இங்கேதான் குடியிருக்கிறாள்” என்று எழுதித் தர வேண்டும். வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கடிதம் வராது. கடிதம் வராவிட்டால் நீங்கள் இந்நாட்டில் இல்லை. எல்லாம் காகிதத்தில்தான் வரும். டிஜிட்டல் உரிமைக்குப் போராடும் எங்கள் கட்சிக்கே வருமான வரி அலுவலகம் ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லியது.

அனுமதியை நீட்டிக்கப் போனேன். ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் கவுண்ட்டர் அம்மாளைப் பார்த்ததும் நாக்கு புரண்டு, நீட்டிக்க வேண்டும் என்பதற்குப் பதில் “தாமதப்படுத்த வேண்டும்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்” என்றார்.

பிறகு விரல். கண்ணாடித் தட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தேன். முதல் தடவையே பச்சை விளக்கு. “அழகான ரேகைகள்” என்று பாராட்டினார். அரசாங்கம் ரேகை எடுப்பதை எதிர்த்து அதற்கு முந்தின வாரம்தான் துண்டறிக்கை எழுதியிருந்தேன். இருந்தாலும் பாராட்டு பாராட்டுதானே. சந்தோஷமாக வெளியே வந்தேன். ஒரு பாத்திரம்கூடத் தேய்க்காத விரல், ரேகை விழாமல் என்ன செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமைகளில் பெர்லினில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். “எங்கள் வீடு” என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி முதல் வரியிலேயே வைஃபை கடவுச்சொல்லை எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. மற்ற நான்கு வரிகளில் ‘வீடு’ என்பதையே மூன்று விதமாக எழுதியிருந்தாள். பெற்றோர் ஆசையாக அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். நான் தனியுரிமை பற்றி அரை மணி நேரம் பேசினேன். அடுத்த வாரம் வகுப்புக்கு நான்கு பேர் குறைவு.

தனியுரிமை விஷயத்தில் நான் அப்படித்தான், சென்னையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே. எல்லாக் கணக்குகளையும் அழித்தேன். கடைசியாக, கல்லூரி முதல் வருடத்திலிருந்து வைத்திருந்த சென்னை சிம் கார்டை அம்மாவின் சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். ஒரு தடயம் இல்லாமல் ஊரைவிட்டுப் போனவள் நான். கூட்டமைப்பில் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விரல்கள் ஆடும்.

3

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி. நான் வந்து இறங்கிய மறுநாள் காலை, அம்மா பால்கனியில் நின்று கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“நாலு! ஏழு! அப்புறம் சைபர்! கேக்கறதாப்பா? சைபர்!”

காஸ் சிலிண்டர் வந்திருந்தது. போனில் வந்த ஓடிபியைத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாமா தன் பால்கனியிலிருந்து, கீழே இருப்பவருக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி ஒருதரம் சொல்லி உதவினார்.

“அம்மா! அதை யாருக்கும் சொல்லக் கூடாதும்மா!”

“சொல்லாட்டா சிலிண்டர் வருமோ? உன் கட்சிக்காரா வந்து தூக்கிண்டு வருவாளா?”

கட்சி ஆரம்பிக்கப்போகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அம்மா அதிர்ச்சி அடையவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “சின்னம் என்னடி?” சின்னம் பற்றிக் கூட்டமைப்பில் கருத்தொருமிப்பு வரவில்லை என்றேன். “சின்னமே இல்லாம ஒரு கட்சியா? ஆத்துல அடுப்பே இல்லாம சமைக்கறேங்கற மாதிரின்னா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் கன்னியம்மாக்கா. நான் எட்டாவது படிக்கும்போதிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். முன்பு அடையாறு ஆற்றங்கரையில் இருந்தார், நடந்தே வந்துவிடுவார். அந்த வீடுகளையெல்லாம் எடுத்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் வைத்தபின், இரண்டு பஸ் மாறி வருகிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டாள். இவர் தனி ஆள்.

“இன்னா பாப்பா, கச்சி கட்றியாமே? எவ்ளோ பேர் கீறாங்க?”

“நூறு பேர் வேணுங்க்கா, பதிவு பண்ண.”

“இப்ப எவ்ளோ?”

“நான் ஒருத்தி.”

“அப்போ இன்னம் தொண்ணூத்தொம்போது தான்” என்று சொல்லி, சாம்பார் அடுக்கைக் கவிழ்த்து வைத்தார்.

4

இரண்டு வாரம் துண்டறிக்கை கொடுத்தேன். ஊதா நிறக் காகிதம், தமிழ் என்னுடையது. “உங்கள் ஓடிபி உங்கள் வீட்டுச் சாவி. அம்மா கேட்டாலும் சொல்லாதீர்கள்” என்று கொட்டை எழுத்தில் ஆரம்பிக்கும். பாண்டி பஜாரில் நின்று கொடுத்தேன். வாங்கியவர்களில் பாதிப்பேர் துணிக்கடைத் தள்ளுபடி என்று நினைத்தார்கள். மீதிப்பேர் அதில் சுண்டல் கட்டிக்கொண்டார்கள்.

தொடக்கக் கூட்டம் தி. நகரில், மாடியில் இருக்கும் ஒரு டியூஷன் சென்டரில். இடம் என் கல்லூரி நண்பன் கார்த்திக் பிடித்துக் கொடுத்தது. அவன் அடையாறில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் டியூஷன் இன்னும் நடக்கிறது என்று வந்தவர்கள். கன்னியம்மாக்காவையும் கூப்பிட்டிருந்தேன். நூறில் ஒன்று ஒன்றுதானே.

கூட்டமைப்பின் வழக்கம் ஒன்று உண்டு. கூட்டம் தொடங்குமுன் எல்லாருடைய போனையும் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். ஒட்டுக்கேட்க முடியாதாம். டியூஷன் சென்டரில் அந்த வசதி இல்லாததால் அம்மாவின் எவர்சில்வர் அடுக்கைக் கொண்டுபோயிருந்தேன்.

“மச்சி, இதுல புளி வாசனை வருது” என்றான் கார்த்திக், போனை உள்ளே போடுமுன்.

“பாதுகாப்பு முக்கியம்டா.”

“யார் கேக்கப்போறா? வந்தவங்களே கேக்கல.”

உண்மைதான். செய்திகளைப் பிறர் படிக்காமல் பூட்டும் மறையாக்கம் பற்றிப் பேசினேன். பதிப்புரிமை பற்றிப் பேசினேன். ஒருவர் திரைப்படங்களை இலவசமாகப் பார்க்கும் உரிமையைக் கொள்கையில் முதலாவதாகப் போடச் சொன்னார். டிஃபன் சொல்லியிருந்த ஹோட்டல்காரர் வழி கேட்டு போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். போன் அடுக்குக்குள் அதிர்ந்தது, யாருடையது என்று தெரியவில்லை, விதிப்படி திறக்கவும் கூடாது. கடைசியில் அவர் இட்லியோடு திரும்பிப் போய்விட்டார்.

கேள்வி நேரத்தில் கன்னியம்மாக்கா எழுந்தார்.

“நான் ஒன்னு கேக்கட்டா? ரேகை உழாதவங்களுக்கு உங்க கச்சி இன்னா செய்யும்?”

யாருக்கும் புரியவில்லை. அவர் வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சபீனாவும் தேங்காய் நாரும் தேய்த்துத் தேய்த்து வரி எதுவும் இல்லாத விரல்.

“ரேசன் கடைல மிசின்ல வெச்சா செவப்பு லைட்டு எரியுது. துடைச்சி வெய்ன்றான், எண்ண தடவி வெய்ன்றான். ரெண்டு வருசமா இதே ரோதன. பழைய ஆளு நோட்ல கையெழுத்து வாங்கிகினு எப்பியாச்சும் குடுத்துகினு இருந்தான். இப்போ புச்சா வந்தவன் மிசின் ஒத்துகிட்டாத்தான்றான். இந்த மாசமும் வாங்கலன்னா கார்டே செத்துப் பூடும்னு சொல்றான்.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதுதான், இதுதான் டிஜிட்டல் உரிமை! மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

“அக்கா, ரேகை விழலேன்னா ஓடிபி போட்டு வாங்கலாமே!”

“போட்றான். எனக்கு வர்ல. யாருக்கோ போவுது.”

“எந்த நம்பருக்கு?”

“தெரில. கடைசி நாலு எண்ணு மட்டும் மிசின்ல தெரிதாம். எளுதிக் குடுன்னு கேட்டு வாங்கியாந்தேன்.” இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

நான்கு எண்கள். படித்தேன். இன்னொரு முறை படித்தேன். கார்த்திக், “துணைக்குழு போடலாம் மச்சி” என்றான். எல்லாரும் கைதூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. காகிதம் என் கையில் இருந்தது.

5

அது என் எண்.

நான் கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது கன்னியம்மாக்காவுக்கு ஸ்மார்ட் கார்டு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அவரிடம் அப்போது போன் கிடையாது. கைபேசி எண் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் போக மறுத்தது. என் எண்ணைத் தட்டினேன். என்ன ஒரு சமூக சேவை! அன்று ராஜாங்கத்தையே அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமையில் இருந்தேன். இரண்டு வருடம் கழித்து அதே எண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அவர் ரேகை அப்போது இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் சேவை மையம் ஒன்றில் வரிசையில் நின்றேன். கார்டில் எண்ணை மாற்ற வேண்டும் என்றேன்.

“பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் மேடம். அதைச் சொல்லுங்க, மாத்திடலாம்.”

“பழைய நம்பர் இப்போ இல்லை.”

“அப்போ கார்டுதாரர் ரேகை வைக்கணும்.”

“ரேகை விழாததால்தான் ஓடிபி வேணும்.”

“ஓடிபி இல்லாததால்தான் ரேகை கேக்கறேன்” என்றாள் அந்தப் பெண், பொறுமையாக. அவள் மேல் தப்பே இல்லை. “கண்ணை வெச்சும் பாக்கலாம் மேடம். அந்த மெஷின் ரிப்பேர். பழைய நம்பர் யாரோடது?”

நான் வெளியே வந்து, நடைபாதையில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, என் எண்ணுக்கே போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“அலோ, யாரு?”

“சார், நான் வித்யான்னு… இந்த நம்பர் முன்னால என்னோடதா இருந்தது…”

“யம்மா! நீதானா அது?” என்றது குரல். பின்னால் யாரோ ஏணியை இழுக்கும் சத்தம். “பல்லு க்ளீன் பண்ண வரணும்னு வருசா வருசம் டாக்டரு உன்ன கூப்ட்னு கீறாரு. காலேஜ்ல பழைய பசங்க கூட்டம் போட்றாங்க. லைப்ரரில ஏதோ பொஸ்தவம் திருப்பித் தரலியாம். தருவியா மாட்டியா?”

அவர் பெயர் தாஸ். கோடம்பாக்கத்தில் இருக்கிறார். படப்பிடிப்புகளில் லைட்மேன். ஒரு தடயம் இல்லாமல் போனவளாக ஐரோப்பா முழுக்கப் பெருமை அடித்துக்கொண்ட நான், ஒரு லைட்மேனின் சட்டைப்பையில் இத்தனை வருடமும் பல், படிப்பு, கடன் வாங்கிய புத்தகம் சகிதம் குடியிருந்திருக்கிறேன்.

“தாஸ் அண்ணே, ரேஷன் கடைலேருந்து உங்களுக்கு ஓடிபி வருதா?”

“வருதே. மாசத்துக்கு ரெண்டு தபா. எவனோ நம்ம நம்பர வெச்சி திருடப் பாக்கறான்னு வந்தவொடனே அழிச்சிடுவேன்.”

“அது திருட்டு இல்லைண்ணே. ஒரு அக்காவோட அரிசி.” எல்லாவற்றையும் சொன்னேன். சேவை மையத்தில் இப்போதே ஓடிபி போடச் சொல்கிறேன், வந்ததும் படித்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றேன்.

எதிர்முனையில் யாரையோ ஏணியைப் பிடிக்கச் சொன்னார்.

“அண்ணே?”

“அது முடியாதும்மா.”

“ஏன்?”

“நீ யாரோ எவரோ. நம்பர் என்னோடதுன்ற, அரிசின்ற, அக்கான்ற. எல்லாம் கேக்க நல்லாத்தான் கீது. இப்டித்தான எல்லாரும் பேசறான்? போன வாரம் பாண்டி பஜார்ல ஒரு நோட்டீசு குடுத்தாங்க, ஊதா கலரு. அம்மா கேட்டாக்கூட சொல்லாதன்னு போட்ருந்துச்சி. பர்சுல வெச்சிகினு கீறேன். படிச்சிக் காட்டவா?”

“வேண்டாம்ணே” என்றேன். “எனக்கு மனப்பாடம்.”

நான் அச்சடித்ததை ஒருவராவது படித்தார்களா என்று கவலைப்பட்டேனே, படித்திருக்கிறார். படித்ததோடு நிற்காமல் கடைப்பிடிக்கிறார். எங்கள் கூட்டமைப்பின் அத்தனை உறுப்பினரிலும் இவரைவிட ஒழுங்கான டிஜிட்டல் உரிமைப் போராளியை நான் பார்த்ததில்லை. அவர் ஒழுங்காக இருக்கும்வரை கன்னியம்மாக்காவுக்கு அரிசி கிடையாது.

6

கூட்டமைப்பைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட? மதியச் சாப்பாட்டுக்குப் பின், அங்கே காலை நேரம். திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பதிலும் முகத்துக்குப் பதில் படம். முள்ளம்பன்றியின் இடத்தில் முள்ளம்பன்றி.

அவசரத் தீர்மானம் ஒன்று வைத்தேன். இயந்திரம் அடையாளம் காணவில்லை என்பதற்காக யாருக்கும் உணவை மறுக்கக் கூடாது. மனிதர் ஒருவர் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வழி இருக்க வேண்டும். இரண்டே வரி. கன்னியம்மாக்காவின் கதையையும் சொன்னேன், பெயர் இல்லாமல். சிம் கார்டு கதையை மட்டும் சொல்லவில்லை.

முள்ளம்பன்றி, “வாழ்த்துகள்!” என்றான்.

“எதற்கு?”

“கைரேகையைச் சேகரிப்பதையே நாம் எதிர்க்கிறோம். அரசாங்கத்தால் படிக்க முடியாத ஒரு மனிதர்! எத்தனை அபூர்வம். அவர் நம் பேரவையில் வந்து பேசுவாரா?”

ஒன்பது கட்டங்களிலும் ஊதா நிறத்தில் விரல்கள் ஆடின. அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம்.

“அவருக்கு அரிசி வேண்டும்” என்றேன்.

ஓர் ஆந்தை, “ரேகை சரியாக விழ வேண்டும் என்று கேட்டால் ரேகையை ஒப்புக்கொண்டதாக ஆகாதா?” என்றது. நான் அப்படிக் கேட்கவில்லை, தீர்மானத்தைப் படியுங்கள் என்றேன். ‘உணவு’ என்பது டிஜிட்டல் உரிமைக்குள் வருமா என்று இன்னொரு ஆந்தை கேட்டது. அதற்கு முதலில் வரையறைக் குழுவின் கருத்து வேண்டும். வரையறைக் குழு அடுத்து எப்போது கூடும் என்பதைத் தேதிக் குழு சொல்ல வேண்டும். ‘யாருமில்லை’ பெரியவர் மட்டும், “அந்த அம்மாள் இந்த மாதம் என்ன சாப்பிடுகிறார்?” என்று கேட்டார். அதற்குள் அவர் இணைப்பு அறுந்துவிட்டது.

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள். “இவாதான் உன் கட்சியா? மூஞ்சியைக் காட்ட மாட்டாளா?” என்றாள். ஒலிவாங்கி திறந்திருந்தது. தமிழ் தெரியாதவர்கள் என்பதால் மீதி எட்டுப் பேரும் அம்மாவுக்கும் விரல் ஆட்டினார்கள்.

7

கன்னியம்மாக்காவிடம் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை அவர் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று, கழுவியதைத் துடைத்து அடுக்கினேன். நான் செய்கிற வழக்கம் இல்லை. அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா வோணும் சொல்லு.”

சொன்னேன். எல்லாவற்றையும். விண்ணப்பம், கட்டம், என் எண், கத்தரிக்கோல்.

அவர் குழாயை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த நாரைப் பார்த்தார்.

“அப்போ என் அரிசிய வெட்டி குப்பைல போட்டுட்டுத்தான் ஜெர்மனி போயிகிற.”

“தெரியாமப் பண்ணிட்டேன்க்கா.”

“நீ தெரியாமத்தான் பண்ணுவ. தெரிஞ்சி பண்றதுக்கு உனக்கு இன்னா தெரியும்?” மறுபடி குழாயைத் திறந்தார். “மொதல்ல மிசின்தான் சரியில்லன்னு நெனச்சிகினேன். அப்பால என் விரலுதான் சரியில்லன்னு நெனச்சேன். நைட்டெல்லாம் எண்ண தடவினு படுப்பேன், தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது. ஆறு வருடம் வீடியோவில் அம்மாவோடு பேசும்போதெல்லாம் பின்னால் அவர் நடமாடுவது தெரியும். “அக்கா, எப்படி இருக்கீங்க?” என்பேன். “நல்லாக் கீறேன் பாப்பா” என்பார். அதற்கு மேல் ஒருநாளும் கேட்டதில்லை.

பேச்சை மாற்ற, கூட்டமைப்பு வாழ்த்துச் சொன்னதைச் சொன்னேன். அரசாங்கம் படிக்க முடியாத மனிதராம் நீங்கள், சுதந்திரமானவராம், மேடையில் பேசக் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

“அவன்கிட்ட சொல்லு, சொதந்திரத்த வடிச்சித் துன்ன முடியாதுன்னு.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அந்த லைட்டுக்காரரு நல்லவரா?” என்றார்.

“ரொம்ப நல்லவர். அதான் பிரச்சினை.”

“போனைப் போடு. நான் பேசறேன்.”

போட்டுக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“நைனா, நான்தான் அந்த அரிசிக்காரி பேசறேன். நீ ஓடிபி சொல்லாத. அந்தப் பொண்ணுக்குச் சொல்லவே சொல்லாத, அது எதனா பண்ணி வெச்சிடும். நீ எனுக்கு ஒரு ஒதவி செய்யி. கடைக்கு நேர்ல வா. என் மூஞ்சியப் பாரு, கார்டைப் பாரு, கார்டுல கீற போட்டோவப் பாரு. எல்லாம் ஒன்னா கீதான்னு பாரு. அப்பால உன் போனை நீயே கைல வெச்சிகினு கடைக்காரனாண்ட காட்டு. சரியா?”

அந்தப் பக்கம் தாஸ் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவர் முகம் மலர்வது தெரிந்தது. “சனிக்கெழம ஷூட்டிங் இல்லியாம்” என்றார் என்னிடம். போனில், “கோயம்பேடு போயி மாறாத, கிண்டில எறங்கு, நேர் பஸ் கீது” என்று வழி சொல்ல ஆரம்பித்தார். நான் கூட்டமைப்பிடம் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தீர்மானம், மனிதர் பார்த்து மனிதருக்குக் கொடுப்பது, சமையல் தொட்டிப் பக்கத்தில் நிறைவேறிவிட்டது. யாரும் விரல் ஆட்டவில்லை.

பெர்லின் திரும்பும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிவிட்டேன். ஆறு வாரத்தில் வரும் என்ற ஸ்டிக்கர் வராது என்று முள்ளம்பன்றிக்கு எழுதிவிட்டேன். சிம் கார்டு கதையின் மீதியையும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை. எந்தக் குழு பதில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் மூன்று பேர் நிற்போம். முதலில் அரிசி. அது கிடைத்தால், அங்கிருந்து நேராக வேறொரு சேவை மையம். தாஸ் அண்ணனை அங்கேயும் அலையவிடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டதால், கண் வைக்கும் இயந்திரம் வேலை செய்யும் மையமாக விசாரித்து வைத்திருக்கிறேன். என் பழைய எண்ணை எடுத்துவிட்டு, அக்கா இப்போது வைத்திருக்கும் போனின் எண்ணைப் போட வேண்டும். அக்காவுக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆனது. “இன்னொன்னு கீதே” என்கிறார். அதுவும் விழாவிட்டால் திங்கட்கிழமை மனுவோடு வட்ட வழங்கல் அலுவலகம். மனுவை எழுதிவிட்டேன், எனக்கு வந்த தமிழில், குழு எதுவும் போடாமல். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியை அடிக்கச் சொன்னார். அடித்த பின் நன்றாக இருக்கிறது.

கட்சி உறுப்பினர் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“எத்துகினு வா. அரிசி பைல உளுந்தப்பால பாக்கலாம்.”

“ரேகையா, கையெழுத்தா?”

“கையெழுத்துதான். அதான் யாரும் அழிக்கல.”

சனிக்கிழமைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. தாஸ் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன்: போனை முழுக்க சார்ஜ் போட்டு, சத்தத்தைக் கூட்டி, கையிலேயே வைத்திருக்க வேண்டும். சாம்பார் அடுக்கை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.